கேமராவை விட்டிறங்கிய ஒளி



நம் மன்ற அறையின் அலமாரியில் ஒரு படத்தொகுப்பு இருக்கிறது. பொங்கல் விழா, முத்தமிழ் விழா, பிரிவுபசார விழா என்று ஆண்டுதோறும் எடுத்த படங்கள் அதில் ஒட்டப்பட்டிருக்கின்றன. சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாலையில் எடுத்த படங்கள் அத்தனையிலும் ஒரே குறை. முகங்கள் சுண்ணாம்பு பூசிய சுவரைப்போல் வெளுத்திருக்கின்றன. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் புள்ளிகள். முதுகுக்குப் பின்னே சுவரில் கன்னங்கரிய நிழல். மேடையில் நின்று பேசும்போது எத்தனை உயிரோடு இருந்த முகங்கள் அவை! படத்தில் மட்டும் ஏன் இப்படிச் செத்துக் கிடக்கின்றன?

கேமரா மலிவானது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அவற்றுள் சில படங்கள், நம்மில் பலருடைய ஓராண்டுச் செலவைவிட விலை கூடிய கேமராவில் எடுக்கப்பட்டவை. குற்றம் கேமராவினுடையது அன்று. பிளாஷ் விளக்கு உட்கார்ந்திருக்கும் இடத்தினுடையது. அந்த விளக்கைக் கேமராவின் தலையிலிருந்து கீழே இறக்கிவிட்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும். இறக்கிய விளக்கைக் கம்பியின்றி இயக்க, வயர்லெஸ் டிரிக்கர் என்னும் சிறு கருவி சில ஆயிரம் ரூபாய்க்கே இன்று கிடைக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே காலை வாரும் என்பதையே இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

மாடக்குழி விளக்கு

நம் பழைய வீடுகளில் சுவரில் மாடக்குழி வைத்து அதில் அகல் ஏற்றுவார்கள். அந்த ஒளியில் அமர்ந்து கதை சொல்லும் பாட்டியின் முகத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கன்னம் ஒளியில் இருக்கும். மறு கன்னம் மெல்ல மெல்ல இருளில் கரையும். மூக்கின் எடுப்பும், கண்ணின் குழிவும், நெற்றியின் சுருக்கமும் தெளிவாகத் தெரியும். காரணம், விளக்கு பக்கவாட்டில் இருக்கிறது. பார்க்கும் கண் எதிரில் இருக்கிறது. மேடு பள்ளத்தை நமக்குக் காட்டுவது நிழல். கண் இருக்கும் இடத்திலேயே விளக்கும் இருந்துவிட்டால், நிழல் ஒவ்வொன்றும் பொருளுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். முகம் தட்டையாகிவிடும். கேமராவின் தலைமேல் அமர்ந்த பிளாஷ் செய்வது இதைத்தான்.

நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலுக்கு இதனால் வரும் கேடு இன்னும் கூடுதல். கறுத்த தோல் ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். அதன் அழகு, மேற்பரப்பில் ஓடும் மினுமினுப்பில் இருக்கிறது. சிறிய விளக்கு நேர் எதிரே மின்னினால் அந்த மினுமினுப்பு நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டாகச் சுருங்கிவிடும். பெரிய ஒளிப்பரப்பு பக்கத்திலிருந்து வந்தால், அதே மினுமினுப்பு கன்னத்தில் நீண்டு படர்ந்து முகத்துக்கு வடிவம் கொடுக்கும். அது மட்டுமன்று. பின்புறம் இருட்டாகவும் முகம் கறுப்பாகவும் இருந்தால், தானே ஒளியை அளக்கும் கேமரா "வெளிச்சம் போதவில்லை" என்று தப்புக் கணக்குப் போட்டு இன்னும் ஒளியைக் கொட்டும். இருக்கிற நிறமும் போய்விடும். நாம் அழகாக இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். விளக்கு தவறான இடத்தில் இருந்தது என்று நினைப்பதில்லை.

மருந்திலிருந்து மின்னலுக்கு

விளக்கைக் கேமராவிலிருந்து பிரிப்பது புதிய எண்ணம் அன்று. 1887-இல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த பிளாஷ் மருந்து வந்தபோது, அதைத் தட்டில் கொட்டித் தனியேதான் கொளுத்தினார்கள். நம் நாட்டில் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி, 1920-களில் வடஇந்தியக் காடுகளில் புலி நடக்கும் தடத்தின் குறுக்கே கம்பி கட்டினார். புலி கம்பியில் இடறியதும் பிளாஷ் வெடித்து, கேமரா படம் பிடித்தது. புலி தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டது எனலாம். அப்படங்களைக் கொண்ட அவரது நூல் 1927-இல் வெளிவந்தது. பின்னாளில் நம் கருநாடகத்தின் நாகரஹொளெக் காட்டில் அறிஞர் உல்லாஸ் காரந்த் புலிகளைக் கணக்கிட்டதும் தானியங்கிக் கேமராக்களைக் கொண்டுதான். புலியின் இடப்புற வரியும் வலப்புற வரியும் வேறு வேறானவை. ஆகையால் தடத்தின் இருபுறமும் கேமரா வைத்தார்கள்.

மருந்தின் புகையும் நெருப்பும் இல்லாத மின்னணுப் பிளாஷை வளர்த்தெடுத்தவர், 1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பணியாற்றிய ஹெரால்ட் எட்கர்ட்டன். கண்ணாடிக் குழாயில் செனான் போன்ற வாயுவை அடைத்து, மின்தேக்கியில் சேர்த்துவைத்த மின்னூட்டத்தை ஒரே நொடிப்பில் அதனூடே பாய்ச்சுவது அவர் முறை. இன்று நம் கையில் இருக்கும் பிளாஷும் அதுவே.

இனி, கம்பியில்லாமல் தூரத்திலுள்ள ஒன்றைக் கொளுத்துவது எப்படி? அதையும் ஓர் இந்தியரே செய்து காட்டியிருக்கிறார். 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளை அனுப்பி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். அவர் ஆராய்ந்த அலைகளில் சில, நீளத்தில் வெறும் 5 மில்லிமீட்டர். மருந்துக்குப் பதில் செனான் குழாயை வைத்துப் பாருங்கள். நம் டிரிக்கரின் வேலையும் அதுதான்.

உள்ளே நடப்பது என்ன?

கேமராவின் தலைமேல் பிளாஷைச் செருக ஓர் இடம் உண்டு. ஹாட் ஷூ என்பார்கள். அதன் நடுவே ஓர் உலோகப் புள்ளி, ஓரத்தில் ஓர் உலோகத் தகடு. ஷட்டர் முழுவதும் திறந்த கணத்தில் கேமரா இவ்விரண்டையும் இணைத்துவிடும். சுவிட்சைப் போடுவது போன்றதுதான். டிரிக்கரின் அனுப்பும் கருவி இந்த இணைப்பை உணர்ந்து, ஒரு குறியீட்டை வானொலி அலையாக வீசுகிறது. பிளாஷின் அடியில் மாட்டிய வாங்கும் கருவி, குறியீடு தனக்கு உரியதுதானா என்று பார்த்து, ஆம் என்றால் பிளாஷின் புள்ளிகளை இணைக்கிறது. விளக்கு மின்னுகிறது.

அருகில் இன்னொருவரும் இதே கருவியை வைத்திருந்தால்? அதற்குத்தான் சானல்கள். மலிவான பல கருவிகளின் வயிற்றில் நான்கு குட்டிச் சுவிட்சுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரு நிலைகள். ஆகவே 2 × 2 × 2 × 2 = 16 சானல்கள். இரு கருவிகளிலும் சுவிட்சுகள் ஒரே வரிசையில் இருந்தால்தான் அவை பேசிக்கொள்ளும்.

காலக் கணக்கு சுவையானது. 10 மீட்டர் தூரத்தை வானொலி அலை கடக்க ஏறக்குறைய 33 நானோ விநாடி போதும். தாமதம் அலையில் இல்லை; குறியீட்டை எழுதுவதிலும் படிப்பதிலும் இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களின் ஷட்டர், ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரு திரைகளால் ஆனது. முதல் திரை முழுதும் விலகி, இரண்டாம் திரை புறப்படும் முன்பே பிளாஷ் மின்னியாக வேண்டும். இதற்கு இடம் கொடுக்கும் மிகக் குறைந்த நேரம் பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250 விநாடி. அதைவிட வேகமாக வைத்தால் படத்தின் ஓர் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். இரண்டாம் திரையின் நிழல் அது. மலிவான டிரிக்கர் சற்றே தாமதிப்பதால் எல்லை வேகத்திலேயே மெல்லிய பட்டை தெரியக்கூடும். 1/160-க்கு இறங்கிவிடுங்கள், தொல்லை தீர்ந்தது.

எதை வாங்குவது?

வழிகள் நான்கு. முதலாவது, நீண்ட கம்பி. மிக மலிவு, ஏமாற்றாது, ஆனால் கூட்டத்தில் யாராவது இடறி விழுவார்கள். இரண்டாவது, ஒளியுணரி. மற்றொரு பிளாஷ் மின்னியதைக் கண்டு தானும் மின்னும். பல பிளாஷ்களில் இது உள்ளேயே அமைந்திருக்கும். ஆனால் மாமன் மகன் கையிலிருக்கும் கேமரா மின்னினாலும் நம் விளக்கு மின்னிவிடும்! மூன்றாவது, அகச்சிவப்புக் கதிர். கருவிகள் ஒன்றையொன்று பார்த்தாக வேண்டும், வெயிலில் தடுமாறும். நான்காவது, வானொலி. மூலை திரும்பியும் செல்லும், வெயிலைப் பொருட்படுத்தாது.

வானொலி டிரிக்கர்களில் பழையவை 433 மெகாஹெர்ட்ஸ் அலையிலும், இன்றுள்ளவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையிலும் இயங்குவன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குறைந்த ஆற்றலில் பயன்படுத்த நம் நாட்டில் உரிமம் வேண்டியதில்லை. யாங்நுவோ, கோடாக்ஸ் முதலிய சீன நிறுவனங்களின் கருவிகள் வந்த பின்பு, பணக்கார ஸ்டூடியோவின் வித்தை மாணவன் கைக்கும் எட்டியது.

விலை குறைந்த கருவியில் எதை இழக்கிறோம்? ஒளியின் அளவைக் கேமராவே கணித்துச் சொல்லும் டி.டி.எல். வசதி இருக்காது. எல்லை வேகத்துக்கு மேலே செல்லும் வசதி இருக்காது. "மின்னு" என்ற ஒரே கட்டளைதான். எவ்வளவு மின்னுவது என்பதை நாமே பிளாஷில் வைக்க வேண்டும். இது குறையா? கற்கும் மாணவனுக்கு வரம் என்பேன். கணக்கு எளியது. ஒவ்வொரு பிளாஷுக்கும் ஒரு வழிகாட்டி எண் உண்டு. ஐ.எஸ்.ஓ. 100-இல் அது 32 என்றால், 4 மீட்டர் தூரத்துக்கு லென்ஸ் துளை எஃப் 8 (32 ÷ 4 = 8). விளக்கை 2 மீட்டருக்குக் கொண்டுவந்தால் ஒளி நான்கு மடங்காகும். ஆகவே துளையை மாற்றாமல் ஆற்றலைக் கால் பங்காக்கினால் போதும். பள்ளியில் மனப்பாடம் செய்த எதிர் இருபடி விதி இங்கே கைகொடுக்கிறது.

ஓர் எச்சரிக்கை. பழைய பிளாஷ் ஒன்றை யாரேனும் இலவசமாகக் கொடுத்தால் அப்படியே மாட்டிவிடாதீர்கள். சில பழைய பிளாஷ்களின் அடிப்புள்ளியில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். இன்றைய கேமராவும் டிரிக்கரும் அதைத் தாங்காமல் போகலாம். ஆய்வுக்கூடத்தில் மல்டிமீட்டர் கொண்டு அளந்து பாருங்கள். பிளாஷின் உறையை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். மின்கலத்தை எடுத்த பிறகும் மின்தேக்கி ஆளைத் தூக்கி எறியும்.

நான் தோற்ற ஒரு முகூர்த்தம்

இத்தனையும் தெரிந்த நான் ஒரு முறை படுதோல்வி அடைந்தேன். தர்மபுரிப் பக்கத்திலிருந்து இந்நகருக்கு வந்து, மேஸ்திரி வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், எங்கள் ஊர்க்காரர். தம் மகளின் திருமணத்துக்குப் படமெடுக்க என்னை அழைத்தார். பெரிய ஸ்டூடியோ கேட்ட தொகை அவருக்குக் கட்டவில்லை. எனக்கோ விடுதிக் கட்டணத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டேன்.

மண்டபத்தின் ஓரத்தில் ஒரு தாங்கியில் பிளாஷை வைத்தேன், இடுப்பளவு உயரம். காலையிலிருந்து நன்றாகவே மின்னிக்கொண்டிருந்தது. கெட்டிமேளம் முழங்கியது. கூட்டம் முழுவதும் எழுந்து அட்சதையோடு மேடையை நெருங்கியது. ஒவ்வொரு கையிலும் கைப்பேசி உயர்ந்தது. மணமகன் தாலியை எடுத்தான். அழுத்தினேன், விளக்கு மின்னவில்லை. மறுபடி அழுத்தினேன், மின்னவில்லை. மூன்றாம் முறை மின்னியது. அதற்குள் முடிச்சு விழுந்து, கையும் விலகிவிட்டது.

கைப்பேசியில் எடுத்த படங்கள் சில கிடைத்தன. ஆனாலும் அவர் பணம் கொடுத்தது என்னை நம்பித்தான். விவரத்தைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "பரவாயில்லை தம்பி, கல்யாணம் நல்லபடியா நடந்துச்சே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பேசிய பணத்தில் பாதியைத்தான் வாங்கினேன். அதுவும் கையைச் சுட்டது.

அன்றிரவே விடுதி நடைபாதையில் சோதனை தொடங்கினேன். கருவியைப் பழிப்பதற்கு முன் காரணத்தைக் காண வேண்டும் அன்றோ? எதிரே ஒருவரும் இல்லாதபோது, நடைபாதையின் மறுகோடிவரை டிரிக்கர் ஒரு முறைகூடத் தவறவில்லை. நண்பர்கள் ஏழெட்டுப் பேரை வாங்கும் கருவிக்கு முன்னே நெருக்கமாக நிற்கச் சொன்னேன், தவறத் தொடங்கியது. கருவியைத் தலைக்கு மேலே உயர்த்தினேன், மீண்டும் சரியாயிற்று. வாங்கும் கருவியின் மின்கலத்தை மாற்றினேன், இன்னும் சீராயிற்று.

விளக்கம் இதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். மனித உடலில் பெரும்பகுதி நீர். நீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். நான் இடுப்பு உயரத்தில் வைத்த கருவிக்கு முன்னே, கூட்டம் எழுந்து ஒரு நீர்ச்சுவரைக் கட்டிவிட்டது. அதே அலைவரிசையில்தான் வைஃபையும் புளூடூத்தும் பேசுகின்றன. நூறு கைப்பேசிகள் உள்ள மண்டபம் அந்த அலைக்குச் சந்தைக்கடை. போதாக்குறைக்கு இளைத்துப்போன மின்கலம். 433 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 69 சென்டிமீட்டர். அது ஆட்களைச் சுற்றி வளைந்து செல்வதில் சற்றுத் தேர்ச்சி உடையது.

அன்று கற்ற பாடங்களை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வாங்கும் கருவியைத் தலை உயரத்துக்கு மேலே வையுங்கள். விழா தொடங்குமுன், அனுப்பும் கருவிக்கும் வாங்கும் கருவிக்கும் புதிதாக மின்னேற்றிய மின்கலம் போடுங்கள். உலோகப் புள்ளிகளை ரப்பரால் தேய்த்துத் துடையுங்கள். பிளாஷை முழு ஆற்றலில் வைக்காதீர்கள். மறுபடி மின்னூட்டம் சேரப் பல விநாடிகள் பிடிக்கும். கால் பங்கில் வைத்தால் விரைந்து தயாராகும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்ப வராத கணத்தை ஒரே விளக்கை நம்பி எடுக்காதீர்கள். ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தி, மண்டபத்து வெளிச்சத்திலேயே ஓரளவு படம் விழும்படி வையுங்கள். பிளாஷ் வந்தால் சிறப்பு. வராவிட்டாலும் தாலி இருளில் போகாது.

ஒரு வேட்டியும் ஒரு மாலைப்பொழுதும்

அந்தத் திருமணத்தில் ஒரே ஒரு படம் எனக்கு ஆறுதல் தந்தது. பந்தி முடிந்தபின் மணமகளின் பாட்டி ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பிளாஷை அவருக்கு இடப்பக்கம், சற்று உயரத்தில், ஒன்றரை மீட்டர் தூரத்தில் வைத்தேன். அதன் முன்னே ஒரு வெள்ளை வேட்டியை இரு பையன்கள் விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். விரல் அகல விளக்கு, வேட்டி அகல விளக்காயிற்று; நிழலின் ஓரம் மென்மையாயிற்று. படத்தைப் பார்த்த பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கடையில எடுத்தா வெள்ளையாக்கி வேற யாரோ மாதிரி ஆக்கிடுவாங்க சாமி. இதுல நான் நானாவே இருக்கேன்" என்றார். அந்தப் படத்தை மேஸ்திரி பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

நீங்களும் தொடங்கலாம். அல்சூர் ஏரிக்கு அருகில், 2009-இல் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலைக்கு ஒரு மாலை நண்பரோடு போங்கள். சூரியன் மறைந்து வானம் நீலமாக இருக்கும் கால்மணி நேரந்தான் நல்ல நேரம். முதலில் பிளாஷை அணைத்துவிட்டு, வானமும் சிலையும் சற்றே இருண்டு விழும்படி கேமராவை அமையுங்கள். நண்பரின் முகம் இருளாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம். இப்போது பிளாஷைப் பக்கவாட்டில் வைத்து, 1/16 ஆற்றலில் தொடங்கி, முகம் தெளியும்வரை கூட்டுங்கள். பின்பு ஒரு விளையாட்டுச் செய்து பாருங்கள். ஷட்டரை 1/160-இலிருந்து 1/40-க்கு மாற்றுங்கள். வானம் வெளுக்கும், முகத்தில் விழுந்த பிளாஷ் ஒளியோ மாறாது. ஏன்? பிளாஷ் மின்னும் நேரம் முழு ஆற்றலில்கூட 1/1000 விநாடி அளவுதான். ஷட்டர் எத்தனை நேரம் திறந்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான். வானத்தை ஆள்வது ஷட்டர். முகத்தை ஆள்வது விளக்கின் தூரமும் ஆற்றலும். லென்ஸ் துளை இரண்டையும் ஆளும். இந்த ஒரு சோதனையில் பாதி வித்தை கைவந்துவிடும்.

நம் மன்றத்தில் பிளாஷ் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறது. உறுப்பினர்கள் ஆளுக்குச் சிறு தொகை போட்டால் ஒரு சோடி டிரிக்கரும் ஒரு தாங்கியும் வாங்கிவிடலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பழகட்டும். வெளியூரிலிருந்து வந்து இங்கே படிக்கும் நம்மில் பலருக்கு, இந்த ஈராண்டு வாழ்வின் நினைவாக வீட்டுக்குக் கொண்டுபோகப் போவது அந்தப் படத்தொகுப்பின் படிகள்தாம். அவற்றிலாவது நம் முகம் நம் நிறத்தில் இருக்க வேண்டாமா? அடுத்த பொங்கல் விழாவுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை விடுதி நடைபாதையில் பழகிப் பார்ப்போம். கேமரா இல்லாதவர்களும் வரலாம். வருகிறவர்களில் ஒருவர் மறக்காமல் ஒரு வெள்ளை வேட்டி கொண்டுவர வேண்டும். சலவை செய்ததாக இருக்கட்டும்!